அவள் தளர்த்திய பிடி

சென்ற ஆண்டு மழைக்காலம். திருவனந்தபுரத்தில் கல்லூரிகளுக்கு இடையேயான மல்யுத்த இறுதிப் போட்டி. சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அப்பா, அன்று கடையை அடைத்துவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். சும்மாவா? மூன்று வருடமும் தங்கம் எனக்குத்தான். நான்காவதும் கிடைத்தால், எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தப் பெண்ணும் செய்யாத சாதனை. எனக்குத் தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன்!

எதிரே நின்றவள் போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண். முந்தைய இரண்டு இறுதிப் போட்டிகளிலும் என்னிடம் தோற்றவள். அவளுக்கும் அது கடைசி வருடம். இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை.

அன்று அவள் வேறு ஆளாக இருந்தாள். பாதி ஆட்டத்தில் என் கழுத்தையும் வலக்கையையும் சேர்த்து வளைத்துப் பிடித்து, என்னைத் திருப்ப ஆரம்பித்தாள். கழுத்தில் ஏதோ சுள்ளென்றது. உடனே அவள் பிடி தளர்ந்தது. பிடி தளர்ந்தால் யோசிக்காதே, பாய்ந்துவிடு என்றுதான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அவள் நடுவரைப் பார்த்துக் கை காட்டுவதற்குள், இடக்கையால் அவள் இடுப்பை வளைத்து மல்லாக்கத் தள்ளி மேலே விழுந்தேன். அவளுடைய இரண்டு தோளும் மெத்தையில் பட்டன. நடுவர் மெத்தையைத் தட்டிவிட்டார். ஜெயித்துவிட்டேன்!

வென்றவரின் கையை நடுவர் உயர்த்துவார் அல்லவா? என் வலக்கையைத் தூக்கினார். அரங்கமே கத்தியது. எனக்கோ அந்தக் கை இருப்பதே தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் பயிற்சியாளருக்குக் கைகொடுப்பது எங்கள் வழக்கம். அவள் என் பயிற்சியாளரிடம் ஓடினாள். "சாரே, அவ கழுத்தத் திரும்ப விடாதீங்க. வலது கை செத்த மாதிரி ஆயிப்போச்சு. பிடிச்சப்பவே எனக்கு மனசிலாச்சு, அதான் விட்டேன்" என்றாள். தான் தோற்ற விதம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கழுத்தில் பட்டை கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் திருகியிருந்தால் கை வராமலே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதும், அப்பா நடைவழியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

நடந்ததை, ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த போட்டி அதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தேன். நடுவர் நிறுத்தாதவரை ஆட்டம் ஆட்டம்தான், முடிவு மாறாது என்றுவிட்டார்கள்.

மறுநாள் அவள் என்னைப் பார்க்க வந்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. "கை போயும் நீ விடலியே, கள்ளி! என்னைத் தள்ளிப் போட்டுட்டே அல்லே!" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண் நிறைந்தது. அந்தத் தங்கத்துக்கு அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது கை பழையபடி ஆகிவிட்டது. கல்லூரியில் சிறந்த வீராங்கனை விருதும் கொடுத்தார்கள். சாதனை என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் காலையில் இரண்டு கையாலும் தலை பின்னும்போதெல்லாம், அன்று ஜெயித்தவள் அவள்தான் என்று நெஞ்சு சொல்லிக்கொண்டே இருக்கிறது.