மேல்வீட்டு அடுப்பு

கண் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் கவுன்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். தன் சொந்தப் பெயரை அவள் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் ஞாபகப்படுத்திக்கொள்கிறாள் என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். அவர் பஸ் ஷெட்டில் மெக்கானிக். கிண்டலுக்கும் கிரீஸுக்கும் குறைவில்லாத மனிதர்.

அந்த ஜன்னலில் வந்து குனிகிற முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போட்டுவிட முடியும் என்று கவுன்டரம்மாவுக்கு ஒரு நினைப்பு. வணக்கம் சொல்லிவிட்டுப் பேசுகிறவர் நல்ல குடும்பம். சொல்லாதவர் திமிர் பிடித்தவர். கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாதவன் எதையோ மறைக்கிறான். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுகிறவளுக்குப் பாசம் இருக்கிறது. அழாமல் நிற்கிறவளுக்கு நெஞ்சு கல். இப்படி ஒரு சட்டப் புத்தகமே அவள் தலைக்குள் இருந்தது. அதை யார் எழுதினார்கள், எல்லோருக்கும் அது பொருந்துமா என்றெல்லாம் ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. தேறாதவர்களின் சீட்டில் மேல்மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். உள்ளே இருக்கிற நர்சுகளுக்கு அதன் அர்த்தம் தெரியும். இந்த ஆள் தொல்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும்.

அந்தப் புள்ளி அதிகம் விழுந்தது அக்கரைக்காரர்களின் சீட்டில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மர அறுவை மில் மூடின பிறகு, பிழைப்புத் தேடி இக்கரைக்கு வந்தவர்கள் அவர்கள். பேசுவது என்னவோ இதே பாஷைதான். ஆனால் நாலு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். நன்றி என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ‘இதுங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலயா?’ என்று கவுன்டரம்மா முணுமுணுத்துக்கொண்டே அடுத்த சீட்டை எடுப்பாள்.

அப்படிப்பட்டவள் தன் மேல்வீட்டை ஓர் அக்கரைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டதற்குக் காரணம் மெக்கானிக். “ஆறு மாசமா வீடு சும்மா கெடக்கு. ஐஸ் ஃபேக்டரில வேல செய்யறான், நல்ல பையன். நீ என்ன அவன் கூட மேடைல நின்னு பட்டிமன்றமா பேசப் போற?” என்றார். ஐஸ் ஃபேக்டரிக்காரன், அவன் மனைவி, அவன் அம்மா என்று மூன்று பேர் வந்தார்கள். மனைவி வீட்டிலேயே துணி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மூன்று வருஷம் இருந்தார்கள். குறை என்று சொல்ல ஒன்றும் கிடைக்காததே கவுன்டரம்மாவுக்கு ஒரு குறையாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷெட்டுக்குக் கிளம்ப ஷூ மாட்டக் குனிந்த மெக்கானிக் அப்படியே முன்பக்கமாகச் சரிந்தார். ஒரு கால் ஷூவோடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த அரை மணியில் வீடு கொள்ளவில்லை. வருகிறவர்கள் எல்லாம் வாசலிலேயே குரல் எடுத்து அழுதுகொண்டு வந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். அவளும் அழுதாள். அவள் பழகின உலகத்தில் துக்கம் என்றால் அதுதான். ஓடி வர வேண்டும், கட்டிப் பிடிக்க வேண்டும், அழ வேண்டும், இருந்து சாப்பிட வைத்துவிட்டுப் போக வேண்டும். எதிர்வீட்டுச் சண்டைக்காரி கூடப் பத்து வருஷப் பகையை மறந்து தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தாள். யார் யார் வந்தார்கள் என்று அந்த அழுகைக்கு நடுவிலும் கவுன்டரம்மாவின் மனசு குறித்துக்கொண்டே இருந்தது. பழக்கதோஷம்.

மேலே இருந்து யாரும் வரவில்லை.

பதினாலு படி இறங்கினால் அவள் வீடு. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தலைக்கு மேலே ஒரு பாத்திரம் உருளும் சத்தம் இல்லை, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். நாலாம் நாள் காலையில், உறவுக்காரி ஒருத்தியை வழியனுப்ப வெளியே வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் மேல்வீட்டுப் பெண் கூடையோடு எதிரே வந்தாள். கவுன்டரம்மாவைப் பார்த்ததுதான் தாமதம். சட்டென்று திரும்பி, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டாள். இவர்கள் தாண்டிப் போகிறவரைக்கும் அப்படியே நின்றாள்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது கவுன்டரம்மாவுக்கு.

“பாத்தியா அண்ணி? கூலிக்கு வந்தவன் கூட நின்னு ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போறான். இவ சுவத்தப் பாக்கறா!” என்று கூட வந்த நாத்தனார் ஆரம்பித்தாள். அவளுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆறாம் நாள் அந்த ஐஸ் ஃபேக்டரிக்காரன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திருடன் மாதிரி மாடிப்படி ஏறியதை வேறு நாத்தனார் பார்த்துவிட்டாள். “நம்ம கண்ணுல படாம போறாராம் தொர. எங்க நின்னு ஒரு சொட்டுக் கண்ணீர் விடச் சொல்லிடுவோமோன்னு பயம்!”

ஒன்பதாம் நாள் கவுன்டரம்மா தன் தம்பியை மேலே அனுப்பினாள். மாசக் கடைசியில் காலி பண்ணிவிட வேண்டும்.

தம்பி ஐந்தே நிமிஷத்தில் இறங்கி வந்தான். “சரின்னு தலைய ஆட்டினாங்கக்கா. ஏன்னு கூட ஒரு வார்த்த கேக்கல.”

“கேக்க மூஞ்சி வேணும்ல?”

காலி பண்ணச் சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மளிகைக்கடையில் சொன்னாள், ஆஸ்பத்திரியில் சொன்னாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அத்தனை பேரிடமும் சொன்னாள். தாலாட்டிச் சீராட்டினாலும் அக்கரைக்காரன் அக்கரைக்காரன்தான், மனுஷன் செத்துக் கிடக்கும்போது எட்டிப் பார்க்காத ஜென்மங்கள் என்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. ஒரு சின்ன வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போனார்கள். காலி வீட்டைப் போய்ப் பார்த்தால், தரையைத் தேய்த்துக் கழுவி, ஜன்னல் கம்பியைக் கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். “எல்லாம் நடிப்பு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

நாலு மாசம் கழித்து மேல்வீட்டு முகவரிக்கு ஒரு கவர் வந்தது. வந்ததே அவள் ஆஸ்பத்திரியிலிருந்துதான். ஐஸ் ஃபேக்டரிக்காரனின் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டிலும் மூலையில் புள்ளி வைத்தது தன் கைதான் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் போவது என்று தீர்மானித்தாள். ‘அவங்க எப்படி வேணா இருக்கட்டும், நாம நம்ம மாதிரி இருப்போம்’ என்று தன் பெருந்தன்மையைத் தானே மெச்சிக்கொண்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினாள். அதில் எவ்வளவு உதவி, எவ்வளவு வேடிக்கை பார்க்கும் ஆசை என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஐஸ் ஃபேக்டரியில் முகவரி வாங்கி, இரண்டு பஸ் மாறி, குடோன்களுக்குப் பின்னால் விசாரித்துப் போனாள். மூன்றாவது மாடி, தகரப் படி, ஒரே அறை. பாதி அறையை இஸ்திரி மேஜை அடைத்திருந்தது. மூலைக் கட்டிலில் மாமியார் சுவரோரமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். மேல்வீட்டுப் பெண் இவளைப் பார்த்ததும் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இவள் கவரை நீட்டுவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. தப்பு என் மேலதான்.”

‘வந்துச்சா வழிக்கு’ என்று நினைத்துக்கொண்டாள் கவுன்டரம்மா. அவள் அப்படி நினைத்ததை மறைக்காமல் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

“எட்டாம் நாள் அடுப்ப பத்த வச்சது நான்தான்க்கா. இவருக்குக் கூடத் தெரியாது. அத்தைக்கு மூச்சு இழுத்துடுச்சு, ஆவி பிடிக்க வெந்நீர் வேண்டியிருந்தது. கையும் ஓடல காலும் ஓடல எனக்கு. அந்த வாசனை கீழ வந்திருக்கும். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!”

“எனக்காகன்னு சொல்லாத” என்றாள் மாமியார், திரும்பாமலே. “நான் கேக்கல.”

கவுன்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் தானே எல்லாம் வெளியே வரும் என்பது அவள் ஜன்னலில் கற்ற பாடம். வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

“பத்து நாள்க்கா, எங்க பக்கம் துக்கம் காக்கறது. துக்க வீட்டுக்கு மேல சமையல் வாசன போகக் கூடாது, சத்தம் போகக் கூடாது. ரொட்டியும் பழமும்தான் சாப்பிட்டோம். மோட்டார் போடாம இவரு தெருக்குழாய்ல இருந்து தூக்கிட்டு வந்தாரு. செருப்பு போட்டு ஒரு படி ஏறல. வாசல்ல இருக்கற உங்க குப்பைக் கூடைய மட்டும் நீங்க எந்திரிக்கறதுக்குள்ள கொட்டி வச்சிட்டு வந்துடுவோம். அன்னிக்கு கேட்டாண்ட திடீர்னு எதிர்ல வந்துட்டீங்க. ஆனா நான் பாக்கலக்கா. சத்தியமா உங்க மொகத்த நான் பாக்கல.”

“பாத்தா என்ன?” என்று கேட்டுவிட்டாள் கவுன்டரம்மா.

அந்தப் பெண் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். “நாங்க பாத்தா, நீங்க எங்களுக்காக மொகத்த சரி பண்ணிக்கணும் இல்ல? இருக்கற பாரத்துல அது வேற எதுக்குக்கா?”

அந்தப் பத்து நாளும் ஒவ்வொரு தலை வாசலில் தெரியும்போதும் எழுந்து முகம் கழுவியதும், முடியை ஒதுக்கியதும், “சாப்பிட்டீங்களா” என்று வந்தவர்களையே கேட்டதும் கவுன்டரம்மாவுக்கு ஞாபகம் வந்தது. குப்பைக் கூடை தினமும் காலியாக இருந்தது. நாத்தனார்தான் கொட்டுகிறாள் என்று நினைத்திருந்தாள். நாத்தனாராவது, குப்பை கொட்டுவதாவது.

“பதினோராம் நாள் காலைல நாங்கதான் மொதல்ல கீழ வந்து உங்க கையப் பிடிச்சிருக்கணும். நான் அந்த வழக்கத்த முறிச்சிட்டேன். முறிச்சவங்க வாசல்ல வந்து நிக்கக் கூடாது. நீங்க போகச் சொன்னது நியாயம்தான்க்கா. அத்த மட்டும் அன்னிலேர்ந்து எங்கிட்ட பேசறதில்ல.”

இப்போது கவுன்டரம்மா சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியாதம்மா என்று ஒரே ஒரு வரி. கட்டியிருந்த நல்ல புடவையும் கொண்டுவந்த பெருந்தன்மையும் சேர்ந்து அந்த ஒரு வரியைத் தொண்டையிலேயே அமுக்கிவிட்டன.

“பரவாயில்ல, விடு” என்றாள். “நடந்தது நடந்துபோச்சு.”

அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கொடுத்த தண்ணீரைக் குடித்து, கவரை மேஜையில் வைத்து, கவுன்டரம்மா வெளியே வந்தாள். ஒரு படிக்கட்டு வளைவு இறங்கியிருப்பாள். மேலே மாமியாரின் குரல் கேட்டது.

“கேட்டியா? அவங்க வாயாலயே வந்துடுச்சு. உன்னாலதான் வீடு போச்சு.”

இஸ்திரிப்பெட்டியை எடுத்து மேஜையில் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

தகரப் படியில் கவுன்டரம்மா நின்றாள். கீழே பஸ் ஸ்டாப் தெரிந்தது. பஸ் வந்து நின்றிருந்தது கூடத் தெரிந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். நாலு மாசமாக அந்தப் பெண் செய்யாத தப்புக்கு மாமியாரின் பேச்சை இழந்து கிடக்கிறாள். அதற்கு இப்போது தன் கையாலேயே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். வெட்கம் என்றால் இதுநாள்வரை அவளுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கு இருக்க வேண்டிய ஒன்று.

திரும்பி ஏறினாள். வாசலைத் தாண்டி உள்ளே போகாமல் நின்றபடியே, இருவரையும் பார்க்காமல், மூச்சு விடாமல் சொன்னாள்.

“எனக்கு எந்த வாசனையும் வரல. அடுப்பு பத்த வச்சது எனக்குத் தெரியவே தெரியாது. உங்க பழக்கம் எதுவும் தெரியாது, கேக்கவும் இல்ல. யாரும் எட்டிப் பாக்கலன்னு ஆத்திரம். அதனாலதான் காலி பண்ணச் சொன்னேன். கல்நெஞ்சக்காரங்கன்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சதும் நான்தான். இவ மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்... எல்லாம் நான்தான்.”

திட்டட்டும் என்று நின்றாள். மாமியார் எழுந்து வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் தேவலை என்று இருந்தது. அந்தப் பெண் பெட்டியை மறுபடி நிமிர்த்தி வைத்தாள்.

கட்டில் கிறீச்சிட்டது. மாமியார் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, புரை விழுந்த கண்ணை வாசல் பக்கம் இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

“அப்போ அந்தப் பத்து நாளும்” என்றாள், “மேல உங்களுக்குன்னு யாருமே இல்லன்னா நெனச்சிட்டு இருந்தீங்க?”

“ஆமா” என்றாள் கவுன்டரம்மா.

“ஐயோ பாவமே” என்று மாமியார் மருமகளைப் பார்த்துச் சொன்னாள். நாலு மாசத்துக்குப் பிறகு அவளிடம் நல்லவிதமாகப் பேசிய முதல் பேச்சு அது. “அந்த நாற்காலிய இழுத்துப் போடு. அவங்கள உக்காரச் சொல்லு.”