சண்டிலிப்பாயில் எழுதிய தென்துருவக் கதை

சண்டிலிப்பாய் இரத்தினேஸ்வரி பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் கடதாசிக்கும் பஞ்சம் வந்த 1991இல், பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் தென்துருவப் பயணக் கதை ஒன்றை எழுதத் தொடங்கினாள். காலையில் குசினி யன்னலோரம் பால்மாத் தகரப் பேணிகளில் தூவிய கத்தரி விதைகளுக்குத் தண்ணீர் தெளிப்பாள். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுத உட்காருவாள்.

கதை ஓரிடத்தில் நின்றுவிட்டது. பனியில் இறுகிய கப்பலில் பதினொரு பேருக்குச் சாப்பாடு முடிந்துகொண்டிருந்தது. அவர்களை எப்படிக் காப்பாற்றுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் பேணியில் முதல் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. அன்றே கதையில் கப்பலின் சமையற்காரி, இயந்திர அறைச் சூட்டில் கீரை விதைத்தாள்.

முடித்த கதையைச் சைக்கிளில் யாழ்ப்பாணத்து வாரப்பத்திரிகை ஒன்றுக்குக் கொண்டுபோனாள். ஆசிரியர் புரட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, எங்கடை சனத்தின்ரை துன்பத்தை எழுதும். உந்தப் பனி ஆருக்கு வேணும்?"

"துன்பத்தை நாள் முழுக்கப் பார்க்கிறன் ஐயா. உலகத்தின்ரை மற்ற அந்தத்தை நினைக்கவும் எனக்குத் தடையோ?"

தாள்கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தவள், வெள்ளி தோறும் ஊர் வாசிகசாலையில் அதைச் சத்தமாக வாசித்தாள். முதல் வெள்ளி நாலு பேர் வந்தார்கள். ஆறாம் வெள்ளி முற்றமும் நிறைந்தது. கூட்டத்தைக் கேள்விப்பட்ட ஆசிரியர், கதையைத் தரச் சொல்லி ஆளனுப்பினார்.

"ஒரு சொல்லும் மாத்தாமல் போடுறதெண்டால் தாறன்," என்றாள்.

அச்சுத்தாள் கிடைக்காமல் பத்திரிகை அச்சான கோடு போட்ட பள்ளிக் கொப்பித் தாளில், மாற்றாமலே, பதினாலு வாரம் வந்தது.