பசிக்கு மருந்து கேட்டவர்கள்

கம்பவுண்டர் வேலையில் பாதி மருந்து கலக்குவது, மறுபாதி, "இதைக் குடிச்சாப் பசிக்குமுங்களா?" என்பதற்குப் பதில் சொல்வது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள் ஒத்துக்கொள்வீர்கள். எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டாக்டரம்மாவிடம் எனக்கு அந்த வேலை.

பெண் பார்க்க வருகிறார்கள்

விவசாயி பழனிச்சாமி தன் மகள் சரசுவைக் கூட்டி வந்தார். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள், பெண்ணோ ஈர்க்குச்சி. பசி எடுக்கட்டும் என்று பொள்ளாச்சியில் வாங்கிய டானிக்கைச் சாப்பாட்டுக்கு முன் அரை டம்ளர் கொடுத்தாராம். சரசு முன்னைவிடக் குறைவாகச் சாப்பிட்டாள்.

டாக்டரம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். சுத்தமான சர்க்கரைப் பாகு. "இது உள்ளே போனதும் குடல் ஒரு சுரப்பை விட்டு 'போதும்'னு மூளைக்குச் சொல்லிரும். அப்புறம் சோறு எப்படி இறங்கும்?" டானிக் நின்றது, சோறு இறங்கியது. பெண் பார்த்த மறுநாள் சரசுவே வந்தாள்: "நிச்சயம் ஆயிருச்சுங்க. மாப்பிள்ளை ரெட்டை நாடிங்க. மிச்ச டானிக்கை அவருக்குக் குடுத்துரட்டுங்களா?"

மூன்றாவது இலை

முதலமடை மாங்காய் லாரி ஓட்டிய சுப்பையன் ஐந்து நிமிடத்தில் மூன்று சாப்பாடு முடிப்பார். பிறகு வயிறு உப்பி ஸ்டியரிங்கில் இடிக்கும். "குடல் அனுப்புற சேதி தலைக்குப் போகக் கால் மணி நேரமாவது ஆகுமுங்க. நாலு பேரோட பேசிக்கிட்டு மெதுவாச் சாப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா. மாங்காய் சீசன் முடிந்து வந்தவரின் காக்கிக் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "தொப்பை போச்சுங்க. ஆனா நான் பேசற பேச்சுல ஓட்டல்ல மத்தவங்க எந்திரிச்சு ஓடறாங்க."

ரெண்டு இட்லி

விவசாயி வேலுச்சாமிக்குக் குடல்புண் முற்றி, கோயமுத்தூரில் பாதி இரைப்பையை எடுத்துவிட்டார்கள். எட்டு இட்லி தின்றவர் இரண்டோடு தட்டைத் தள்ளினார். நாளுக்கு நாள் இளைத்தார். "இவருக்கு எம்மேல கோவமுங்க. நான் ஆக்குனா இறங்க மாட்டேங்குது" என்று மனைவி ராமாத்தாள் டாக்டரம்மாவிடம் அழுதாள். வேலுச்சாமி அவள் பக்கம் திரும்பினார்: "உம்மேல கோவமில்ல புள்ள. ரெண்டு இட்லிக்கே வயிறு அடைக்கவும், நான் பிழைக்க மாட்டேன்னு நெனச்சேன்."

சோறு தங்க இடம் குறைந்ததால் சீக்கிரமே குடலுக்கு இறங்கிவிடுகிறது, குடலும் அவசரப்பட்டுப் 'போதும்' என்கிறது என்று விளக்கிய டாக்டரம்மா, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கச் சொன்னார். அடுத்த நடவுக்கு வேலுச்சாமி வயலில் இறங்கி நின்றார். ராமாத்தாள் எங்களுக்கு ஒரு தூக்குப்போசி நிறைய இட்லி கொண்டு வந்தாள்: "ஆறு வேளை ஆக்கறேனுங்க. இனி கோவிச்சுக்க எனக்குத்தான் நேரமில்லீங்க!"

இத்தனை வருஷம் மருந்து கலக்கியதில் நான் கண்டது, பசி விஷயத்தில் குடல்தான் டாக்டர், மற்ற எல்லோரும் கம்பவுண்டர்கள்.