மூன்றாம் நிமிட இருமல்

மின்தூக்கிக் கதவு மூடியதும் ரத்னவேல் இருமுகிறார். முதலில் குட்டையாக ஒன்று. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு, கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட பூனைபோல, வறட்சியாக இரண்டு. செங்காங் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினான்காம் மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் நான்கு தடவை முடித்துவிடுவார். நடுவில் யாராவது ஏறினால் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கொரோனா காலத்தில் மட்டும் துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பயிற்சி செய்தார்.

அவருக்குச் சளி கிடையாது. ஐம்பத்தைந்து வயது, மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. ஞாயிறுகளில் 'பிரவுன் ஹார்பர்' குழுவின் பாடகர். 'பிளாக் ஹார்பர்' என்ற பழைய ஆங்கில ராக் குழுவின் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடுவதற்கென்றே இருக்கும் குழு. "அவங்க பிளாக், நாம பிரவுன். வேற வித்தியாசமே இருக்கக் கூடாது லா" என்பார். அசல் பாடகர் இடதுகைக்காரர். ஆகவே மேடையில் ரத்னவேல் தண்ணீர்ப் புட்டியைக்கூட இடது கையால்தான் பிடிப்பார். பாதித் தண்ணீர் சட்டைக்குப் போகும்.

அந்தக் குழுவின் புகழ்பெற்ற பாட்டில், மூன்றாம் நிமிடத்தில் எல்லா வாத்தியங்களும் நான்கு தாளத் தட்டு நேரத்துக்கு நின்றுவிடும். அந்த மௌனத்தில்தான் இருமல். கிட்டார் வாசிக்கும் முகமது யூசுப் 1989இல் கொடுத்த கேசட்டில் அப்படித்தான் இருக்கிறது. "பாட்டை எவனும் பாடிடுவான். இதை இருமிக் காட்டச் சொல்லு பார்ப்போம்" என்பார் ரத்னவேல்.

வம்பை இழுத்தவன் புதிதாகச் சேர்ந்த பேஸ் கிட்டார்காரன் அர்ஜுன்.

"அங்கிள், ஒரிஜினல்ல இருமலே இல்ல. எல்லா வெர்ஷனும் கேட்டுட்டேன்."

"போன்ல இருக்கிறது கழுவி வெச்சதுப்பா. இருமலை எடுத்துட்டானுங்க."

"யாராவது இருமலைப் போய் எடுப்பாங்களா?"

"ராக் ஸ்டார் இருமல்டா! ரேட் ஜாஸ்தி, சும்மா குடுப்பானா?"

காத்தோங்கில், பெரிய குழுக்களைப் போலப் பாடுகிறவர்களுக்கு ஒரு போட்டி வந்தது. அசலிலிருந்து விலகினால் மதிப்பெண் குறையும். அர்ஜுன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்: "நீங்க இருமினா, நான் அங்கேயே கிட்டாரைக் கழட்டி வெச்சிட்டுப் போயிடுவேன்." பேஸ் போனால் குழு போச்சு. யூசுப்பும், "ஒரு நாள் அடக்கிக்க, வேலு" என்றார். ரத்னவேல் ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் மின்தூக்கியில் சும்மா நின்றுகொண்டு வந்தார்.

மனைவி சுசீலாவும் வழக்கம்போல வந்திருந்தார். எல்லா நிகழ்ச்சிக்கும் முதல் வரிசையில், மடியில் வெந்நீர்க் குடுவையோடு உட்காருவார். இருமல் வரும் இடத்தில் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். கணவரை நினைத்துக் கூச்சம் என்று குழுவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மூன்றாம் நிமிடம். வாத்தியங்கள் நின்றன. முதல் தட்டு. ரத்னவேல் உதட்டைக் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. அர்ஜுனின் கை கிட்டார் வாரில் இருந்தது.

அப்போது முதல் வரிசையிலிருந்து குட்டையாக ஒன்று. ஒரு மூச்சு. வறட்சியாக இரண்டு.

இத்தனை வருட மின்தூக்கிப் பயிற்சியில் ரத்னவேலுக்கு ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. யூசுப் அரைத் தட்டுத் தாமதமாக நுழைந்தார். நடுவர் பேனாவோடு திரும்பிப் பார்த்தார். ரத்னவேல் வாயைப் பிளந்தபடி அடுத்த வரியை விட்டுவிட்டார். ஐந்து குழுக்களில் ஐந்தாம் இடம்.

டாக்சியில் அவர் கேட்டது ஒன்றுதான். "எப்படி அவ்வளவு கரெக்டா வந்துச்சு உனக்கு?"

"உங்ககூடக் குப்பை கொட்டினா வராதா?" என்று சுசீலா குடுவையைத் திறந்து நீட்டினார். அவர் இடது கையால் வாங்கினார்.

யூசுப்பின் அக்கா நூருன்னிசா பொங்கோலில் இருக்கிறார். அவர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. அந்தக் கேசட் கடையில் வாங்கியதல்ல. பள்ளிக்கூட நாளில், காத்தோங் வீட்டில் இசைத்தட்டை ஓடவிட்டு, ஒலிபெருக்கிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அவர் பதிந்தது. கூட இருந்த தோழிக்கு அன்றைக்கு நல்ல சளி. தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டும் அந்த நான்கு தட்டில் அவளால் அடக்க முடியவில்லை. தோழியின் பெயர் சுசீலா.