அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளைச் சின்ன முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். கேலி பாதி, மரியாதை பாதி. கல்லூரி முடித்த மறுவாரமே அப்பா அவளைப் பசை இயந்திரத்தின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆறு வருடம் ஓடிவிட்டது. அட்டையின் ஓரத்தை விரலால் தடவியே எந்த ஆலையின் காகிதம் என்று சொல்லிவிடுவாள். ஆனால் நியமனக் கடிதம் கிடையாது, பதவி கிடையாது. வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு அதெல்லாம்?

மேலாண்மைப் பள்ளிக்கு விண்ணப்பித்தபோது பதவி என்ற கட்டத்தில் உற்பத்தி மேலாளர் என்று அவளாகவே எழுதிக்கொண்டாள். பொய்யில்லைதான். இருந்தாலும் கை கூசியது.

மூன்றாம் வாரம் மின்னஞ்சல் வந்தது. குடும்ப நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களைப் பற்றி விசாரித்த பிறகே நேர்காணலுக்கு அழைப்பார்களாம். விசாரித்தார்களாம். ‘அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை’ என்று பதில் கிடைத்ததாம். குடும்பத்தைச் சேராத ஒருவரின் கடிதமும், அது உண்மை என்று உரிமையாளரின் கையெழுத்தும் நான்கு நாளைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது.

அலுவலகத் தொலைபேசியை அப்பாவைத் தவிர யாரும் எடுப்பதில்லை.

கேட்டதற்கு அவர் மழுப்பவில்லை. “எத்தனை ஆளு, உங்க பொண்ணு என்ன பாக்குதுன்னு ஒருத்தி நோண்டி நோண்டிக் கேட்டா. போட்டிக்காரன் ஆள் விட்டு வேவு பாக்குறான்னு நெனச்சேன்” என்றார்.

நம்பக்கூடியதுதான். எத்தனை இயந்திரம் ஓடுகிறது என்று யார் கேட்டாலும் எல்லாம் பழுது என்று சொல்லிப் பழகியவர். ஆனால் ரெண்டு வருஷம் இவள் போய்விட்டால் தொழிலை யார் பார்ப்பது என்று பத்து நாளாக அம்மாவிடம் புலம்பியவரும் அவர்தான். அன்றிலிருந்து அவர் தொலைபேசியைத் தொட்டாலே அவள் காது கதவுக்குப் போனது.

பிஸ்கட் கம்பெனியின் கொள்முதல் அதிகாரியிடம் போனாள். வாரம் ஒருமுறை அவளோடு சண்டை போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அரைமணியில் எழுதிக் கொடுத்தார். புகழ்ச்சி ஒரு வரி இல்லை. இரண்டு மழைக்காலத்துக்கு முன் நாலாயிரம் பெட்டி ஈரத்தில் தொய்ந்துபோனது, இந்தப் பெண் கிடங்குக்கு வந்து பெட்டியைக் கிழித்துப் பார்த்துத் தங்கள் பசையில்தான் தவறு என்று ஒப்புக்கொண்டது, மூன்றே நாளில் அத்தனையும் புதிதாக அனுப்பியது, அவ்வளவுதான்.

பெட்டி தொய்ந்தபோது அப்பா கண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். அவளும் பசை இயந்திரக்காரரும் சேர்ந்து அவருக்குத் தெரியாமல் அமுக்கிய விஷயம் அது.

வேறு ஏதாவது எழுதித் தரச் சொன்னாள்.

“வேற என்னம்மா எழுதறது? நீ செஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் உங்கப்பா பேர்ல வந்தது.”

கடைசி நாள் மதியம் கடிதத்தை அப்பாவின் மேசையில் வைத்தாள். இரண்டு தடவை படித்தார்.

“இந்த மாதிரி இன்னும் எத்தனை?”

“ரெண்டுப்பா.”

“அப்போ அஞ்சு இருக்கும்.”

நாலுதான். அவள் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா நான் போன்ல சொன்னது பொய்னு ஆகும்.”

“போடலைன்னா நான் எழுதினது பொய்னு ஆகும்.”

அப்பா பசை இயந்திரக்காரரை வரவழைத்து, நாலாயிரம் பெட்டி திரும்பி வந்தது நிஜமா என்று கேட்டார். வந்தவர் கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தபடி, சொல்லலாமா என்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் ஆமாம் என்றார்.

“முப்பது வருஷமா சம்பளம் குடுக்குறவன் நான். கேள்வி கேட்டா அவ மூஞ்சியைப் பாக்குற” என்றார் அப்பா. கோபமா, வேறு ஏதாவதா என்று குரலில் தெரியவில்லை. பேனாவைத் திறந்தார்.

தான் தட்டிக்கழிக்க நினைக்கும் ஆட்களுக்கென்று அவரிடம் ஒரு கிறுக்கல் கையெழுத்து உண்டு. அவள் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வங்கிக்குப் போடும் கையெழுத்தேதான்.

“என்ன பாக்குற?”

“மை காஞ்சிடுச்சான்னு பாத்தேன்ப்பா.”

அவர் அதை நம்பவில்லை.