தொடர்பற்ற பதில்

சமூகப்பணிப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்த வருடம், சனிக்கிழமைதோறும் எங்கேயாவது போய்த் தொண்டு செய்ய வேண்டும் என்று கல்லூரியில் உத்தரவு. கூடப் படித்தவர்கள் பள்ளிக்கூடம், பஞ்சாயத்து என்று சுலபமானதாகப் பார்த்துக்கொண்டார்கள். நான் பெயர் கொடுக்கப் போனபோது மிச்சம் இருந்தது பள்ளத்தூர் போகும் வழியில் உள்ள முதியோர் இல்லம்தான். அதிலும் ஞாபகமறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதி. எனக்குப் பொறுமை கிடையாது. ஒன்றையே வீட்டில் இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை கத்திவிடுவேன். என்னை அங்கே அனுப்பியது குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான்.

இல்லத்தில் இரண்டு கட்டடங்கள். முன்பக்கம் இருப்பவர்கள் தாங்களாகவே குளிப்பார்கள், தோட்டத்தில் நடப்பார்கள், ரோட்டில் போகும் பஸ்ஸை வேடிக்கை பார்ப்பார்கள். பின்பக்கக் கட்டடம் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கும். வெளியே போய் வழி தெரியாமல் தொலைந்துவிடக் கூடாதே என்பதற்காக. முன்பக்கத்திலிருந்து அங்கே போனவர்கள் உண்டு. திரும்பி வந்தவர் என்று நான் யாரையும் பார்த்ததில்லை.

முன்பக்கத்தில் ஒரு ஆச்சி இருந்தார். எண்பது வயதுக்கு மேல். கணவர் காலமாகிப் பல வருடம், மகன் அமெரிக்காவில். காலையில் குளித்து, திருநீறு பூசி, மடிப்புக் கலையாத சேலையோடு வாசல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். என்னை வாராவாரம் புதிதாக விசாரிப்பார்.

"நீ எந்த ஊருத்தா?"

"காரைக்குடிதான் ஆச்சி. போன வாரமும் சொன்னேனே."

"சொன்னியா? சரி, சாப்ட்டியா?"

அவரோடு ஒரே அறையில் இருந்தவரை நான் வருவதற்கு முன்பே பின்பக்கம் மாற்றியிருந்தார்கள். எத்தனையோ மறந்துபோன ஆச்சி இதை மட்டும் மறக்கவில்லை. வாரம் ஒரு தடவையாவது என் கையைப் பிடித்துக்கொள்வார். "என்னைய அங்குட்டு மட்டும் அனுப்பிறச் சொல்லாதத்தா. எனக்கு இந்த நாற்காலி போதும். நீ படிச்ச புள்ள, நீ சொன்னாக் கேப்பாக." நானும் பெரிய மனுஷி மாதிரி, "நான் இருக்கேன் ஆச்சி, யாரும் அனுப்ப மாட்டாக" என்று வாக்குக் கொடுத்துவைத்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்வது எனக்குப் பழக்கம்தான்.

மாதக் கடைசியில் டாக்டர் வருவார். அதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் பத்துக் கேள்விகள் கேட்டு எழுதிவைக்க வேண்டும். இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், பிள்ளைகள் பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, இப்படி. அந்த மாதம் பொறுப்பு நர்ஸ் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். என் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆச்சி கிழமையைத் தப்பாகச் சொன்னார். இட்லியைச் சரியாகச் சொன்னார். மகன் பெயரை உடனே சொன்னார். கணவர் பெயரைக் கேட்டதும் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"குன்றக்குடிக்குப் போயிருக்கியாத்தா?"

"போயிருக்கேன் ஆச்சி. அவுக பேரச் சொல்லுங்க."

"மலை மேல ஏறுனியா? அங்ஙன யாரு இருக்காக?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவுக ஆச்சி. பஸ்ஸுல அந்தப் பக்கமாப் போனதோட சரி. பேரச் சொல்லுங்க, இன்னும் ஆறு பேருகிட்டக் கேக்கணும்."

"அதான் சொல்லிட்டேனே" என்றார் ஆச்சி.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நினைவில்லை, தொடர்பற்ற பதில் என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது வாசல் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். கணவர் பெயரே நினைவில்லை என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமாம். டாக்டர் மாற்றச் சொல்லியிருக்கிறார், மகனும் போனில் சம்மதித்துவிட்டார் என்றார் நர்ஸ். பின்பக்கம் ஓடினேன். என்னைக் கண்டதும் ஆச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா? கதவத் தொறக்கச் சொல்லுத்தா. நான் ஒண்ணுமே பண்ணலையே."

அவர் ஒன்றும் பண்ணவில்லைதான். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ராத்திரி தட்டின் முன் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அம்மா விடவில்லை, என்னவென்று துருவினார். எல்லாவற்றையும் சொன்னேன். குன்றக்குடி பேச்சு வந்ததும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அடி கூறுகெட்டவளே! அவுக சொல்லிட்டாகடி. அந்த மலையில இருக்க சாமி பேருதான் அவுக புருசன் பேரு. அந்தக் காலத்து மனுசி, புருசன் பேர வாயால எப்பிடிச் சொல்லுவாக?"

"அதுக்காக டாக்டர் கேக்குறப்பக் கூடவா?"

"ஏன், நான் உங்கப்பா பேரச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கவனித்ததில்லை. வீட்டில் 'ஏங்க', வெளியாட்களிடம் 'சாரு'. அப்பா வாத்தியார் என்பதால் அது வசதியாகப் போய்விட்டது. "சர்ச்சுல புனிதர்க பேரையெல்லாம் வரிசையாச் சொல்லி மன்றாட்டு மாலை சொல்றப்ப உங்கப்பாவோட புனிதர் பேரு வந்தா நான் வாய மட்டுந்தான் அசைப்பேன்" என்றார் அம்மா. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு இல்லத்துக்குப் போனேன். நர்ஸ் ஆச்சியின் ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே கணவர் பெயர் இருந்தது. குன்றக்குடி முருகனின் பெயரேதான். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை.

"நீ சொல்றது புரியுதும்மா" என்றார் நர்ஸ். "ஆனா டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. முன்னால இருந்த இடத்துக்கும் வேற ஆள் வந்தாச்சு. மாசக் கடைசியில அவர் வரட்டும், மறுபடி கேட்டுப் பாப்போம்."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலையில் இறங்கினேன். டாக்டருக்குப் போன் செய்தேன், உதவியாளர்தான் எடுத்தார். மகனுக்கு மெயில் அனுப்பினேன். டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள் என்று மரியாதையாக ஒரு வரி வந்தது. அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பின்பக்கத்தில் யாரும் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து எல்லாம் சரியாகக் கொடுத்தார்கள். குளிப்பாட்டச் சிரமம் என்று சேலையை மாற்றி நைட்டி போட்டுவிட்டிருந்தார்கள். ஒரு வாரம் கதவைத் திறக்கச் சொன்னார். அடுத்த வாரம் என்னை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் எந்த ஊர் என்று விசாரிக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, கதவைப் பற்றிப் பேசவும் இல்லை. அங்குட்டு வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. யார் மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தால் என்னை விட்டால் ஆள் கிடைக்கவில்லை.

மாதக் கடைசியில் டாக்டர் வந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்படியா! சரி, நீங்களே கேளுங்க" என்றார். குன்றக்குடி என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், கதவு திறந்துவிடும். இதுவரை கும்பிடாத அந்த மலைச்சாமியை அன்று மனசுக்குள் கும்பிட்டேன். ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஆச்சி, உங்க வீட்டுக்காரவுக பேரு என்ன?"

அவர் சிரிக்கவில்லை. வாயைப் பொத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பெயரைச் சொன்னார். ரேஷன் கடையில் கார்டுக்காரர் பெயரைக் கூப்பிடுகிற மாதிரி, முழுசாக, சத்தமாக. பிறகு இன்னொரு தடவையும் சொன்னார்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க, டக்குன்னு சொல்லிட்டாங்களே!" நர்ஸ் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த வாரமே முன்பக்கம் வேறு இடம் பார்த்து மாற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

போன மாதம்வரை அந்தப் பெயர் அவருக்கு வாயால் சொல்லக் கூடாத பெயர். இன்று அது யாரோ ஒருவருடைய பெயர். இதை டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கதவு திறக்காது. பேப்பரை என் பக்கம் நகர்த்தினார்கள். கணவர் பெயர் என்ற கேள்விக்கு எதிரே, நினைவிருக்கிறது என்று எழுதினேன்.