தொண்டையம்மாவின் காது

அந்த ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் யாராவது ஒரு வாய் தண்ணீர் குடித்தால், தரைத்தளத்தில் இருக்கும் தொண்டையம்மாவுக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். மூன்றாவது மாடி வரைக்கும்தான் கேட்கும்.

தொண்டையம்மா என்பது நர்சுகள் வைத்த பெயர். வேலை ஸ்பீச் தெரபிஸ்ட். வாய் பேசாதவர்களைப் பேசவைக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அவளோ இருபத்திரண்டு வருஷமாகப் பாதி நாளை அடுத்தவர் விழுங்குவதைப் பார்த்தே கழித்திருந்தாள். பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் தொண்டை ஒன்றுதானே. பக்கவாதம் வந்தால் அந்த இடம்தான் முதலில் தடுமாறும். தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கும், நெஞ்சில் சளி கட்டும், ஆளையே கொண்டுபோய்விடும். சிலருக்கு இருமல்கூட வராது. அப்போது குரல்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஆ சொல்லுங்க" என்பாள். அடியில் தண்ணீர் தேங்கிய குழாய் மாதிரி குரல் களகளவென்று வந்தால், போச்சு, தண்ணீர் வழி மாறிவிட்டது.

வீட்டிலும் அந்தக் காது சும்மா இருக்காது. சாப்பிடும்போது கணவருக்கு இருமல் வந்தால், மனிதர் அதை அடக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் இருமிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வந்து உட்காருவார்.

"ரசிச்சுச் சாப்பிட விடுறியா? தொண்டைக்குக் காவல் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்க!"

"நீங்க ஒழுங்கா மென்னு முழுங்குங்க, நான் காவலை எடுத்துடறேன்."

இப்படிப்பட்டவளிடம்தான் ஏலக்காரர் வந்து சேர்ந்தார். மீன் மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். பக்கவாதத்தில் முகத்தின் இடதுபக்கம் தொங்கிப்போய், மூன்று வாரமாக மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய். அதை நாலு தடவை பிடுங்கி எறிந்தார். கையைக் கட்டினார்கள். அன்றிலிருந்து கோபித்துக்கொண்டு ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் பரிசோதிக்கப் போனபோது அவர் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். ஏலக்காரர் பேரைக் கேட்டாலும் சுவரைத்தான் பார்த்தார். வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவள் ஸ்பூனை நீட்டினாள். வாங்கிக்கொண்டார், விழுங்கினார், இருமவில்லை. "உள்நாக்கைப் பார்க்கணும், ஆ சொல்லுங்க" என்று தந்திரமாகக் கேட்டாள். வந்தது பாருங்கள் ஒரு களகள! வாய் வழியாக எதுவும் தரக்கூடாது என்று எழுதிவிட்டாள். மூக்குக் குழாய் நிற்கவில்லை, வாயும் ஆகாது என்றதும், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வயிற்றில் துளை போட்டு நேராகக் குழாய் வைத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் முடிவுகட்டினார்.

புதன்கிழமை மத்தியானம் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். ஏலக்காரர் அறையிலிருந்து அதே களகள. இன்னும் பலமாக!

கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். "யாரு தண்ணி குடுத்தது?"

ஏலக்காரரின் மனைவி மிரண்டுபோய்க் கையிலிருந்ததைப் பார்த்தாள். "போனுக்காம்மா?"

போன்தான் ஏலக்காரரின் குரலில் பேசிக்கொண்டிருந்தது: "அடியே, அடுப்புல பாலை வச்சிட்டு எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"பேச மாட்டேங்கிறாரும்மா. பழைய சண்டையைப் போட்டுக் காட்டினா ரோஷம் வந்து திட்டுவாருன்னு பார்த்தேன். கல்லு மாதிரி இருக்காரு."

"இது எப்பப் பேசினது?"

"ரெண்டு வருஷம் இருக்கும். பாலை வச்சது இவரேதான்னு அப்புறம் தெரிஞ்சுது. ஆதாரம் வேணுமில்ல, அதான் அழிக்கல."

"குரல் எப்பவுமே இப்படித்தானா?"

"நாப்பது வருஷம் ஏலம் விட்ட தொண்டையாச்சே. எங்க பொண்ணு சின்னதுல, அப்பா தொண்டைக்குள்ள தவளை இருக்குன்னு டார்ச் அடிச்சுத் தேடியிருக்கா."

தொண்டையம்மா அவருடைய கேஸ் காகிதத்தைப் புரட்டினாள். 'தொழில்: வியாபாரம்' என்று மட்டும்தான் இருந்தது. விழுங்குவதற்கு முன்னால் குரலைக் கேள், விழுங்கிய பின்னாலும் கேள் என்று படிக்க வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் பாடம் நடத்துகிறவள், முன்னால் கேட்கவே இல்லை. அவர் பேசாவிட்டால் என்ன, பெண்டாட்டி வரும்வரை பத்து நிமிஷம் இருந்து கேட்டிருக்கலாம். காது இருக்கும் தைரியம்!

மேசைமேல் ஆபரேஷனுக்கான சம்மதப் படிவம் இருந்தது, பக்கத்தில் மூடி திறந்த பேனா. "கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரிடம் போனாள்.

"திங்கட்கிழமை நான் எழுதினது தப்பு சார்."

"அப்ப அவர் நல்லா முழுங்குறாரா?"

"அது தெரியாது. தெரியலன்னுதான் எழுதியிருக்கணும். தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். எக்ஸ்ரேல பார்த்துடலாம்."

"உங்க காதைப் பத்தி ஊரே கதை சொல்லுது. அதுக்கே எக்ஸ்ரேவா?"

"கதைக்கு என்ன சார், காசா பணமா? வயித்துல ஓட்டை விழப்போறது அவருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. "எட்டு மணிக்குள்ள முடிச்சுடுங்க" என்றார்.

மறுநாள் ஏழரைக்கு எக்ஸ்ரே அறையில், வெள்ளை மருந்து கலந்த தண்ணீரைப் பார்த்ததும் ஏலக்காரர் முதல்தடவையாகப் பேசினார். "பெயின்ட்டா?"

"வெள்ளையடிக்கல, பயப்படாதீங்க. வழியைப் பார்க்கப்போறோம்."

முதல் ஸ்பூன் திரையில் கருப்பாக இறங்கி, ஒழுங்காக வயிற்றுப் பக்கம் போனது. டம்ளரில் கொடுத்தபோது ஒரு துளி மூச்சுக்குழாய் வாசலில் நின்று எட்டிப்பார்த்தது. தொண்டையம்மா டம்ளரைப் பிடித்து நிறுத்தினாள். "தலையை இடது தோள்பக்கம் திருப்பிட்டு முழுங்குங்க." பலமில்லாத பக்கம் அப்படி மூடிக்கொள்ளும். அடுத்த வாய் சுத்தமாகப் போனது. அதற்கடுத்ததும். ஒன்பது மணி ஆனது. ஆபரேஷனுக்கு யாரும் அவரைக் கூப்பிட வரவில்லை.

பத்து மணிக்கு டீ வந்தது. படுக்கைக்கு வலதுபக்கம் உட்கார்ந்திருந்த மனைவி, தலையை இடதுபக்கம் திருப்பித்தான் குடிக்க வேண்டும் என்று கேட்டதும் இடுப்பில் கைவைத்தாள். "அப்ப டீ குடிக்கிறப்பல்லாம் என் மூஞ்சியைப் பார்க்க வேணாம். அதானே, நல்லா வசதியாப் போச்சு!" சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள்.

தொண்டையம்மா டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "முதல்ல ஆ சொல்லுங்க."

களகள. கண்ணை மூடி முழுதாகக் கேட்டாள். காகிதத்தில் 'வியாபாரம்' என்பதை அடித்துவிட்டு, 'மீன் ஏலம், நாற்பது வருஷம்' என்று எழுதினாள். அப்புறம்தான் டீயைக் கொடுத்தாள்.

ஒரு வாய் இறங்கியது. "ஒரு தரம்" என்று முனகினார் ஏலக்காரர். இன்னொன்று. "ரெண்டு தரம்."

மூன்றாவது வாய் இறங்கியதும் தொண்டையம்மா டம்ளரைக் கைவைத்து மூடினாள். "மூணு தரம். மீதி நாலு மணிக்கு."

"ஏலம் விடுறது நானா, நீங்களா?" என்றார் அவர், குழறலும் களகளவுமாக. மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.